பொம்மை போனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

திருப்பதியில் நடந்த அந்த இங்கிலீஷ் டீச்சர் பயிற்சியை நினைத்தால் முதலில் தூக்கம்தான் ஞாபகம் வருகிறது. மதியத் தயிர்சாதம் உள்ளே போனதும் கண் சொருகும். மின்விசிறி கிறுகிறுக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், வெயிலில் மிதக்கும். தலை நரைத்த ஆசாமிகளெல்லாம் பெஞ்சில் பிள்ளைகளாக உட்கார்ந்து, “குட் ஆஃப்டர்நூன் மேடம்” என்று ராகம் போட்டு இழுத்துவிட்டு, அப்படியே கனவுக்குள் போய்விடுவார்கள்.

எனக்குத் தூங்கக் கொடுத்துவைக்கவில்லை. என் பள்ளிக்கூடம் தமிழ்நாட்டு எல்லையோரம், சத்தியவேடு பக்கம். கணவர் திருப்பதியில் லாட்ஜ் மேனேஜர். மூன்று வயது மகள் அவரிடம். சனிக்கிழமை பஸ் ஏறி வருவேன். திங்கள்கிழமை அவள் எழுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், எழுந்தால் சேலையை விடமாட்டாள். பயிற்சியின் கடைசி நாள் டெமோ பாடத்தில் தேறினால் திருப்பதியிலேயே பயிற்சியாளர் வேலை. அதற்காகப் பல் தேய்க்கும்போதுகூட இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன்.

டெமோ ஜோடி ஜோடியாக. இங்கிலீஷ் தவிர ஒரு வார்த்தை வந்தாலும் ஜோடியே அவுட் என்பது ஐதராபாத்திலிருந்து வந்த மேடத்தின் சட்டம். “தெலுகு வத்து, அரவம் வத்து” என்று அதைத் தெலுங்கிலேதான் சொன்னார்! வத்து என்றால் கூடாது, அரவம் என்றால் எங்கள் தமிழ். நான் சிரித்துத் தொலைத்தேன். அந்தம்மா முறைத்தார்.

என் ஜோடி, குடுபல்லி ஊரிலிருந்து வந்த தமிழ்க்காரர், குடுபல்லி சார். ரிட்டையர் ஆகப்போகிறவர், மனைவி இல்லை. ஒரே மகன் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய்விட்டான். ஞாயிறுதோறும் ஊர் எஸ்டிடி பூத்துக்கு அவன் போன் பண்ணுவான். சார் காலையிலேயே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாராம். பயிற்சி ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. லீவு கேட்டார், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கடைசி நாள் எங்களுக்கு வந்த பாடம் தொலைபேசி உரையாடல். அவர் அப்பா, நான் வெளியூரில் வேலை பார்க்கும் மகன். மேடம் ஆளுக்கொரு சிவப்பு பொம்மை போனைக் கையில் கொடுத்தார். “ஹலோ டாடி, ஹவ் ஆர் யூ?” என்று கணீரென்று ஆரம்பித்தேன்.

சார் போனைக் காதில் வைத்தார். எங்கள் பக்கம் போனை எடுத்தால் முதல் கேள்வி சாப்பாடுதான்.

“துன்னியாப்பா?”

அடப்பாவி மனுஷா, கெடுத்தியே! கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“ஞாயித்துக்கெழம போன் பண்ணியாப்பா? நா இங்க மாட்டிக்கினேன். நைனா வர்லியேன்னு பூத்துக்காரன்கிட்ட கேட்டுக்கினு இருந்தியா?”

மேடத்தின் பேனா தாளுக்கு மேலே நின்றது. நான் மட்டும் இங்கிலீஷில் தொடர்ந்தால் போதும், ஒருவேளை தப்பித்துக்கொள்ளலாம். வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் அந்த மனுஷர் பொம்மை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

“துன்னுட்டேன் நைனா. நீ வர்லன்னதும் வேலையா இருப்பேன்னு நெனச்சிக்கினேன். அடுத்த வாரம் பண்றேன், வெசனப்படாத.”

“சரிப்பா,” என்று போனை மெதுவாக வைத்தார். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து பதறினார். “தப்பு என்னுது மேடம், இந்தம்மாவ உட்டுடுங்க” என்று கெஞ்சினார். மேடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, தாளில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கணவர் குதித்தார். “அந்தாளு இன்னா ஒனக்கு ஒறவா? ஒரு வார்த்த இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா கிரீடம் எறங்கிப்பூடுமா?”

“நீ அங்க இருந்து பாத்திருக்கணும்” என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மகளை ஜன்னல் வழியாகத் தூக்கிக் காட்டினார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

அதன் பிறகும் வருடக்கணக்கில் அந்தப் பஸ்ஸில்தான் போய்வந்தேன். சார் மேல் ஒரு நாளும் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவர் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் ஏபிசிடி எழுதிப்போட்டுக்கொண்டிருந்த நாளில், என் மகளின் விரலைப் பிடித்து முதல் எழுத்து எழுதவைத்தவர் லாட்ஜ் வாட்ச்மேன்.