லேட்டாக வந்த விண்வெளி ஓடம்

சென்ற வருடம் பிப்ரவரி மாதம், குளிர் இன்னும் விடாத நேரம். குவைத்தில் அப்பாசியாவில், நாங்கள் வெகுகாலமாகக் குடியிருக்கும் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் நடந்தது இது. யார் பெயரையும் சொல்லாமல் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் என் கணவர் பெயரை மட்டும் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் பெயர் ஸ்கைலாப்.

சிரித்துவிட்டீர்கள்தானே? சிரியுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

எழுபத்தொன்பதாம் வருடம் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். இவருடைய ஊர் திருநெல்வேலிப் பக்கம். எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வீட்டுக்கு வீடு கோழி அடித்துக் குழம்பு வைத்துத் தின்று தீர்த்தார்களாம். அது எங்கோ கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. அன்றைக்குத்தான் இவர் பிறந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஸ்கைலாப் என்றே கூப்பிட, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரும் அதையே எழுதிவிட்டார். அது பாஸ்போர்ட்டில் ஏறி, குவைத் சிவில் ஐடியில் அரபியிலும் ஏறிவிட்டது.

இவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. டைல்ஸ் ஒட்டும் ஃபோர்மேன். சைட்டில் 'லாப் பாய்', அதாவது லாப் அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டைல்ஸ் வேலை எப்போதுமே கொஞ்சம் இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் எகிப்துக்கார இன்ஜினியர் இவர் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

வினை வந்தது மகளுக்கு. நம் ஊரில் அப்பா பெயர் ஓர் இனிஷியலோடு நின்றுவிடும். இங்கே பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியாக வேண்டும், அதுவே பிள்ளையின் கடைசிப் பெயராகிவிடும். அவள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருந்ததால் டீச்சர் இவளைக் கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். எட்டாம் வகுப்பு வந்ததும் கேட்கவே வேண்டாம். இவள் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் "விழுந்துருச்சு" என்று ஒரு கூட்டமே கத்துமாம். ஒருநாள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். ஒன்பதாம் வகுப்பில் போர்டு பரீட்சைக்குப் பெயர் பதிந்துவிட்டால் காலத்துக்கும் அதுதான், அதற்குள் அப்பா தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரோ, "விடு, பிள்ள அழுதுல்லா" என்று முடித்துவிட்டார். பெயர் மாற்றத்துக்குப் பேப்பரில் விளம்பரம் கொடுக்க ஊரில் ஆள்கூடப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து, "குமார்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "குமார்னு வச்சுக்கிடுதேன். நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார்.  நான் பையை எடுத்துக்கொண்டு கிளினிக் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. தலைப்புக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் மகளுக்கு அமெரிக்காவின் விண்வெளி ஓடம், அதாவது ஸ்பேஸ் ஷட்டில் விழுந்தது. மாடல் செய்ய வேண்டும். அதோடு, அந்த ஓடம் பறந்த காலத்தில் வாழ்ந்தவர்களிடம் போய், உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். மாலையில் அவளோடு நானும் கிளம்பினேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நம் ஜனங்களுக்கு இதைப் பற்றி என்னதான் தெரியும் என்று பார்ப்போமே!

தெரிந்திருந்தது. கீழ்வீட்டு மலையாள டீச்சருக்கு எண்பத்தாறில் பேப்பரில் வந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறதாம். ஓடம் வெடித்து, புகை இரண்டு கொம்பாகப் பிரிந்து போன படம். அதில் ஒரு டீச்சரும் போனார் என்பதால், அன்றைக்கு இவர் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களும் அழுதார்களாம். இரண்டாம் மாடி ஆந்திராக்காரர், எல்லாம் வீண்செலவு, அந்தப் பணத்தில் எத்தனை ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்திருக்கலாம் என்று பொரிந்து தள்ளினார். ஆனால் அது வால்பக்கமாகப் பாராசூட் விரித்து இறங்குவதை அவ்வளவு அழகாக நடித்துக் காட்டியதும் அவர்தான். மூலைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் யோசித்துவிட்டு, "எங்களுக்கு அந்த நேரம் மேல சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடுறதுதான் பிள்ளை. ஆர் அண்ணாந்து பாத்தது?" என்றார். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னையும் கேட்டாள். இரண்டாயிரத்து மூன்றில் ஹாஸ்டல் டிவி முன்னால் நாங்கள் அத்தனை பேரும் தட்டில் சோறு காய, திரும்பி வந்த இன்னோர் ஓடம் வானத்தில் வெள்ளைக் கோடுகளாகச் சிதறியதைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலத்தைச் சொன்னேன். எல்லோரையும் கேட்டாள். அப்பாவை மட்டும் கேட்கவில்லை. "கண்காட்சிக்கு நீங்க மட்டும் வாங்கம்மா, ப்ளீஸ்" என்று அடுக்களையில் என்னிடம் சொன்னது, முன்னறையில் இருந்த அவருக்கும் கேட்டிருக்கும். டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து மாடல் வேலை நடந்தது. தெர்மகோல் ஓடத்தின் அடியில் கறுப்புத் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்ட வேண்டும். மகள் ஒட்டியதெல்லாம் கழன்று விழுந்தது. வேலை முடித்து வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கை சும்மா இருக்குமா? கீழே உட்கார்ந்து, "கீழ இருந்து வரிசை பிடிச்சு வரணும்" என்று ஒட்ட ஆரம்பித்தார். அவள் லேப்டாப்பில் ஓடத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்பா, ஸ்கைலாப் சும்மா விழலப்பா. அதைப் பிடிச்சு மேல தள்ளிவிட இந்த ஷட்டில்தான் போறதா இருந்துச்சாம். ரெடி ஆகல. அதுக்குள்ள அது விழுந்துருச்சு."

அவர் கை ஒட்டாத சதுரத்தோடு நின்றுவிட்டது. எவ்வளவு லேட் என்று கேட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என்றாள். ஏன் என்று கேட்டார். எஞ்சின் பிரச்னை, அப்புறம் டைல்ஸ் என்றாள்.

"டைல்ஸா?"

திரும்பி வரும்போது சூட்டில் எரிந்துபோகாமல் இருக்க ஓடத்தின் மேல் ஆயிரக்கணக்கில் டைல்ஸ் ஒட்டினார்களாம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. எல்லாம் கையால்தான் ஒட்டினார்களாம். ஒட்டியது கழன்று, திரும்ப ஒட்டி, இப்படியே வருஷம் போனதாம். படித்துப் படித்துச் சொன்னாள்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "டைல்ஸ் வேலையா? அப்போ லேட்டாத்தான் ஆகும். பாவம், அவனுவளக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய பதின்மூன்று வயதில் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். நீங்க பிறந்த அன்னைக்கு நிஜமாவே எல்லாரும் பயந்தாங்களா?

"பயந்துட்டுத்தான் இருந்திருக்காவ. எல்லாரும் வெளிய நின்னு மேல பாத்துக்கிட்டு இருக்கையில, எங்க அம்மை மட்டும் உள்ள என்னப் பாத்துக்கிட்டுக் கெடந்தாளாம்."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் ஒட்டக் குனிந்துகொண்டார். மகள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அவருக்குச் சதுரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கண்காட்சி சனிக்கிழமை காலை. சைட்டில் ஓவர்டைம் இருக்கிறது என்று அவர் முன்னதாகவே போய்விட்டார். வர வேண்டாம் என்றது மனதில் இருக்கத்தானே செய்யும்? நான் மட்டும் போனேன். சார்ட்டில் எல்லோருடைய ஞாபகங்களும் வரிசையாக இருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என் போனை வாங்கி, "அப்பா, ட்ரெஸ் எல்லாம் மாத்த வேண்டாம், அப்படியே வாங்க" என்றாள்.

அரை மணி நேரத்தில் வந்து நின்றார். சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. நேரே மாடலிடம் போய், ஒட்டிய டைல்ஸ் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சைட்டில் பார்ப்பதுபோலவே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். தெர்மகோலைத் தட்டி என்ன தெரியப்போகிறது? பழக்கதோஷம். அவளைக் கிண்டல் செய்யும் கூட்டம் எதிரேதான் நின்றது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னாள். இவர் என் அப்பா, இவர் பெயர் ஸ்கைலாப், இந்த ஓடம் காப்பாற்ற வேண்டியது இவரைத்தான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கையை விடவில்லை. அந்தக் காலிக் கட்டத்தில் அவரையே எழுதச் சொன்னாள். அவர் தமிழில், 'டைல்ஸ் வேலையில் அவசரம் ஆகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விளம்பரம் வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டோம். ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்குப் பதிந்தபோது அவளே தன் பெயரை முழுசாக எழுதினாள். வகுப்பில் இன்னும் கிண்டல் செய்கிறார்களாம். செய்துவிட்டுப் போகட்டும் என்கிறாள். அந்த ஓடம் இரண்டு வருடம் லேட், என் மகள் பதின்மூன்று வருடம் லேட், ஆனால் என் வீட்டுக்காரரைப் பிடித்து மேலே தூக்கிவிட அவளாவது வந்து சேர்ந்தாளே என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.