எழுமலை ரோட்டில் நின்ற சுமைதாங்கி

பிள்ளைகளா, போன வருஷம் எழுமலை ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது நீங்கள் இருவரும் ஒரு கல்லின்மேல் உட்காரப் போனீர்கள். பெஞ்சு என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் கையைப் பிடித்து இழுத்து, "அதுல உட்காரக் கூடாது" என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, நானும் தப்பித்தேன். இப்போது அந்தக் கல் அங்கே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுமலை அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு முன்னால் உங்களுக்கு இன்னோர் அத்தை இருந்தாள். என்னோடு பிறந்தவள், எனக்கு மூத்தவள். உங்கள் மாமா முதலில் கட்டிக்கொண்டது அவளைத்தான். வயிற்றில் பிள்ளையோடு எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையும் அவளோடு போய்விட்டது.

நம் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு பெண் வயிற்றுச் சுமையோடு இறந்துவிட்டால், அதை இறக்கி வைக்க முடியாமல் சுமந்துகொண்டே அலைவாள் என்பார்கள். அவளுக்காக வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைப்பார்கள். அதுதான் சுமைதாங்கி. தலையில் விறகோ புல்லுக்கட்டோ தூக்கி வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் சரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பத் தாங்களே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அப்படி யாராவது இறக்கி வைக்கும்போதெல்லாம் இறந்தவளுக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. பல ஊர்களில் இந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றன. யாருக்காக நட்டது என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

அக்காவுக்காக என் அப்பா, உங்கள் தாத்தா, கல் நட்டபோதே அந்த வழக்கம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. கல் ஆண்களின் கழுத்து மட்டத்துக்கு வர வேண்டும் என்றார் கொத்தனார். தாத்தா கேட்கவில்லை. தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, "எம்புள்ள கழுத்து இம்புட்டுக்குத்தான் வரும். அந்த ஒசரத்துக்கே நடு" என்றார். அதனால் ஆண்கள் குனிந்துதான் சுமையை இறக்க வேண்டியிருந்தது.

"என்ன பெரியவரே, சுமைதாங்கியா, சாப்பாட்டு மேசையா?" என்று மாமாவின் பங்காளி ஒருவர் கேலி செய்தார்.

"பொம்பளைக எறக்கட்டும்" என்று தாத்தா சொல்லிவிட்டார்.

கொஞ்ச காலம் பெண்கள் இறக்கினார்கள். பிறகு மினி லாரி வந்தது, வீட்டுக்கு வீடு காஸ் வந்தது. தலைச்சுமை குறைந்துபோனது. நான் செல்லூரில் தறிப் பட்டறையில் சேர்ந்த பிறகு, எழுமலைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லின்மேல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு தடவை ஓர் ஆடு ஏறி நின்றது. மற்ற நாளெல்லாம் வெறும் கல்தான். ரோடு போடுகிறவர்கள் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனது, கல் தாழ்ந்துகொண்டே போனது. அதனால்தான் உங்களுக்குப் பெஞ்சாகத் தெரிந்தது.

இந்தத் தை மாதம் மாமா போன் செய்தார்.

"மாப்ள, ரோட்டை அகலப்படுத்துறாங்க. நாளைக்கு நம்ம கல்லைப் புடுங்கிருவாங்க போல."

"வாரேன் மச்சான். வேற எடத்துல நட்டுருவோம்."

"எங்குட்டு நட? நானும் கேட்டுப் பாத்துட்டேன். புள்ளையோட செத்தவ கல்லு, எங்க வயல்ல வேணாங்கிறாக." பிறகு அவரே சொன்னார்: "விட்ரு மாப்ள. இம்புட்டு வருஷத்துல அவ எறக்கி வச்சிருக்க மாட்டாளா?"

அந்தக் கல் சும்மா கிடந்த வருஷங்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் போனபோது ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுகிறவர் வெளியூர்க்காரர். "சாமிக் கல்லாண்ணே? சாமின்னா நான் தொட மாட்டேன்" என்றார்.

"சாமி இல்லப்பா. எங்க அக்கா."

அவர் இறங்கி வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார். பலகைக் கல்லை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் தோண்டி, நட்ட கற்களை உடையாமல் வெளியே எடுத்துக் கொடுத்தார். கல்லின் முக்கால்வாசி மண்ணுக்குள் இருந்திருக்கிறது. அடியில், நட்டபோது தரை மட்டம் வரை போட்ட பழைய காரை ஒட்டியிருந்தது. மாமாவும் நானும் ஒரு கல்லை நிமிர்த்திப் பிடித்தோம். காரைக்கு மேலே என் நெஞ்சு வரைக்கும் வந்தது. அக்கா இருக்கும்போது நான் அவள் தோளுக்குத்தான் இருந்தேன். மாமா கல்லைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உங்கள் எழுமலை அத்தை நடந்து வந்தார். முறைக்கு எனக்கு அவரும் அக்காதான்.

"கல்லை எங்க கொண்டு போறீக தம்பி?"

"அதான் தெரியலக்கா."

"நம்ம தெருக் கொழாய்கிட்ட நடுங்க. கொடத்தைத் தரையில வச்சு வச்சுத் தூக்கி அம்புட்டுப் பேருக்கும் இடுப்பு போச்சு."

மாமா திரும்பினார். "நம்ம வாசலுக்கு எதுத்தாப்புல வருது. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

"பேசட்டும். நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அவ ரோட்டுலதான நிக்குறா. எம்புட்டு நாளைக்கு நிப்பா?"

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? அவ மொறைச்சா நானும் மொறைக்கிறேன்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் குழாயடியில் நட்டுவிட்டோம், காரை மட்டத்துக்குச் சரியாக. முதல் குடத்தை உங்கள் அத்தையே பிடித்து வந்து அதன்மேல் வைத்தார். வைத்தவர் உடனே தூக்கவில்லை. குடத்தில் கையை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தார். தெருவில் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும், "நீ எடுத்தா நான் வைப்பேன்ல" என்றாள்.

மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அந்தப் பிள்ளை இருந்திருந்தால் உங்களுக்கு மூத்தது, உங்களை அதட்டிக்கொண்டு திரியும் என்ற நினைப்புத்தான் வந்தது.

பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாமா சொன்னார். வேண்டாம் என்று நடந்தே ரோட்டுக்கு வந்தேன். ஜேசிபி போயிருந்தது. கல் இருந்த இடத்தில் இரண்டு குழிகள் கிடந்தன. விடிந்தால் ரோடு போடுகிறவர்களே ஜல்லியைக் கொட்டி மூடிவிடுவார்கள். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த மண்ணைக் கையால் தள்ளி இரண்டையும் மூடினேன். உள்ளங்கையால் அழுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.