மல்லாந்து கிடக்கும் முயல்

மல்லாந்து கிடக்கும் முயல் தூங்குகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? அம்பிளியும் இதைத்தான் கேட்கிறாள். கையில் நகவெட்டி, மடியில் துவர்த்துத் துண்டால் சுற்றிய முயல், எதிரே புருஷனின் தம்பி சஜு.

"ஆருலே உனக்குச் சொன்னது? முயலா சொல்லிச்சு?"

பனச்சமூட்டிலிருந்து காரக்கோணம் போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இவர்கள் வீடு. அம்பிளிக்கு வேலை அண்டி ஆபீஸில். பேருக்குத்தான் ஆபீஸ், முந்திரிப் பருப்பைத் தோல் உரித்துப் பிரிக்கும் இடம். காலையில் கேட்டைத் தாண்டியதும் பத்து விரலையும் நீட்டிக் காட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் அவளுடைய நகங்கள் சதையோடு சதையாக இருக்கும்.

கேள்வி கேட்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. சனி பார்க்கிறது என்று சொன்ன ஜோசியரிடம், "எந்தப் பக்கம் நிண்ணு பாக்குது? கையக் காட்டுங்க" என்றாள். அவர் எரிச்சலில் அவள் வீடு இருக்கும் கிழக்குப் பக்கம் கையை வீசினார். "அது எனக்கத் தென்னையாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். முயல் வாங்கப் போன இடத்திலும் இதே கதைதான். "கறிக்கா, வளக்கவா?" என்றான் விற்றவன். "சும்மா பாத்துட்டு இருக்க" என்றாள். அவன் அதற்கு என்ன விலை சொல்வது என்று தெரியாமல் விழித்தான். பஞ்சு போன்ற அதற்குப் பஞ்ஞி என்று பெயர் வைத்தாள்.

மண்ணைத் தோண்டித் திரியும் முயலுக்கு நகம் தானே தேயும். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து வளர்த்தால் எப்படித் தேயும்? பஞ்ஞியின் நகங்கள் நீண்டு வளைந்துவிட்டன. இன்று காலை பின்கால் நகம் ஒன்று சாக்கு நூலில் மாட்டிக்கொண்டது. பஞ்ஞி உதறிய உதறலில் நகம் அடியோடு பிய்ந்திருக்கும். நல்லவேளை, அம்பிளி பார்த்து நூலை அறுத்துவிட்டாள். இனியும் தள்ளிப்போட முடியாது.

அவளுடைய மாமியார் செல்லபாய் வாசலிலேயே தடுத்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா நகம் வெட்டினா லெட்சுமி எறங்கிப் போயிருவா மக்கா."

"முயலுக்க கூட்டுல லெட்சுமி எங்க மாமி இருக்கா? புழுக்கைதான் கெடக்குது."

செல்லபாய் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு, தான் கோபமாக இருக்க வேண்டியவள் என்பது நினைவு வந்து உள்ளே போனாள்.

சஜு அப்படிப் போகிற ஆள் இல்லை. மொபைல் கடையில் வேலை. ஓய்வு நேரத்தில் அவன் ஊருக்கே முயல் மந்திரவாதி. எந்த முயலையும் மடியில் மல்லாத்துவான். வயிற்றைத் தடவி ஏதோ முணுமுணுத்து ஊதுவான். நாலு காலும் மேலே நிற்க, முயல் மரக்கட்டையாகிவிடும். அதை வீடியோ எடுத்துப் போட்டு லைக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். நகம் வெட்ட வேண்டும் என்று முயலோடு வருகிறவர்கள், வெட்டி முடிந்தபின் அவன் கையைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

போன மாதம் பஞ்ஞியையும் அப்படிப் போட்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்பிளி தட்டவில்லை. அவளுக்கு அண்டி ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரி ஸ்வப்னா நினைவுக்கு வந்தாள். பருப்பு ஒடிந்துபோனதற்காக சூப்பர்வைசர் ஒருநாள் ஸ்வப்னாவை வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் இமைகூட அசைக்காமல் இருந்தாள். "இவதான் நல்ல பொண்ணு. ஒரு அனக்கம் உண்டா பாருங்க" என்று மற்றவர்களிடம் அவளையே உதாரணம் காட்டிவிட்டுப் போனார். அசையாதவளுக்கு நற்சான்று கொடுப்பது இங்கே எல்லா முதலாளிகளுக்கும் கைவந்த வேலை. ஸ்வப்னாவின் கழுத்து நரம்பு துடித்த துடிப்பைப் பார்த்தவள் அம்பிளி ஒருத்திதான்.

அதனால்தான் அன்று பஞ்ஞியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முயலின் நெஞ்சு சும்மாவே வேகமாகத்தான் அடிக்கும். தினமும் தூக்குகிறவளுக்கு அது தெரியும். அன்று கைக்குள் அடித்தது அந்தத் தாளம் இல்லை. சட்டென்று வாரி எடுத்துக் குப்புறப் பிடித்தாள். மறுநாள் வரை பஞ்ஞி புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓடினாள். அவள் கேட்ட கேள்விகளுக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாமல், மருத்துவர் அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது தூக்கம் இல்லை. ஏதோ மிருகம் பிடித்துவிட்டது என்று நினைத்துச் செத்தமாதிரி கிடக்கிறது. பயந்து தின்னாமல் விட்டால் முயலின் குடல் நின்றுபோகும். உயிரே போய்விடலாம்."

அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் இன்று உட்கார்ந்திருக்கிறாள். முயலின் முதுகு அவள் வயிற்றோடு சாய்ந்திருக்கிறது. கால்கள் கீழே, துவர்த்துக்கு வெளியே ஒரு கால் மட்டும். வெள்ளை நகத்துக்குள் சிவப்பாக ஓடும் ரத்தக்குழாய் கண்ணுக்கே தெரிகிறது. அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுகிறாள். பின்கால் நகங்கள் கறுப்பு. போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால்தான் உள்ளே நிழல் தெரியும். ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் நகவெட்டியுமாகத் திணறுகிறாள். பஞ்ஞி உதைக்கிறது. நகவெட்டி நழுவுகிறது. கறுப்பு நகத்தின் நுனியில் ஒரு துளி ரத்தம்.

"பாத்தியளா மைனி?" அண்ணியின் கை தவறியதில் சஜுவுக்கு வாயெல்லாம் பல். "எனக்கிட்ட தந்திருந்தா இப்பம் வெட்டித் தீந்திருக்கும். மறிச்சு மல்லாத்திப் போடுங்க. ஒரு அனக்கம் இருக்காது."

"அதாக்கும் எனக்குப் பயமும் பேடியும்."

தேங்காய்ச் சிரட்டையில் தயாராக வைத்திருந்த கூவைக்கிழங்குப் பொடியைக் கிள்ளி நகத்தில் வைத்து அழுத்துகிறாள். ரத்தம் நிற்கிறது. அடுத்த நகத்துக்கு அவள் அவசரப்படவில்லை. சஜுவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவன் உள்ளங்கையைத் துவர்த்துக்குள் பஞ்ஞியின் நெஞ்சில் வைக்கிறாள்.

"இது உதைச்சதுக்க பொறவு. துள்ளி எதிர்த்ததுக்க பொறவு. அண்ணைக்கு நீ மறிச்சுப் போட்டப்பம் இதவிட எத்தற ஓட்டம் ஓடிச்சு தெரியுமா? நீ வயித்தத் தடவின. நெஞ்சத் தொட்டியாலே?"

சஜு கையை எடுக்கவில்லை. உள்ளே அடிப்பது மெல்ல மெல்லத் தணிவதை அவன் முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு மறு கையால் பையிலிருந்து போனை எடுக்கிறான். வீடியோவுக்கு இல்லை, டார்ச்சைப் போட்டு, கறுப்பு நகத்துக்குப் பின்னால் பிடிக்கிறான்.

"அடுத்தத வெட்டலாமா மைனி?"

"நீ சொல்லு. கை உனக்கதுதானே அங்க இருக்கு."

உங்கள் வீட்டிலும் ஒரு முயல் இருக்கலாம். நகவெட்டியை எடுக்கும் முன், அதை மல்லாத்தாமல் மடியில் உட்காரவைத்து, உள்ளங்கையை அதன் நெஞ்சில் வையுங்கள். அது தணியும்வரை காத்திருங்கள்.