இம்மானுவேல் அண்ணனின் விரல்

போடியில் ஏலக்காய் வியாபாரி ராக்கையாவுக்காக இருபது வருடம் ஏலத்தில் கை தூக்கியவர் இம்மானுவேல் அண்ணன். காயைத் தேய்த்து மோந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் கையைத் தூக்குவார். சரக்கு முடியும்வரை அந்தக் கை இறங்காது.

2008இல் எங்கள் ஏல மையத்துக்கு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைக் கவனிப்பது என் வேலை. என்டர் விசையைத் தட்டினால் விலை ஒரு படி ஏறும். எதிர்த்துக் கேட்க ஆளில்லாவிட்டாலும் ஏறும். எழுதிய புண்ணியவான் அப்படி எழுதித் தொலைத்திருந்தான்.

அன்றிலிருந்து அண்ணன் எடுத்த சரக்கெல்லாம் சந்தை விலையைத் தாண்டியது. ராக்கையா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"யாருகிட்ட காசு வாங்கிக்கிட்டு இப்படி ஏத்துறீக? இன்னைக்கும் ஏறுச்சுன்னா நாளைக்கு வேற ஆளு."

அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீபோர்டை மாற்றினேன், பலனில்லை. நான் தட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. அவரைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டவில்லை, அழுத்தினார், விரலை எடுக்கவே இல்லை. விசையை அழுத்திப் பிடித்தால் மெசின் அதை அடுத்தடுத்த தட்டலாக எண்ணிக்கொண்டது, விலை தறிகெட்டு ஓடியது.

"வெரல எடுங்கண்ணே."

"கைய எறக்குனா சரக்க விட்டுட்டோம்னுல்ல அர்த்தம், தாயி?"

அழுத்திப் பிடித்தாலும் ஒரு தடவையாகவே எண்ணும்படி அந்தக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தேன். விட்டு விட்டுத் தட்டச் சொல்லிப் பழக்கினேன். ராக்கையாவிடம் விளக்கினேன்.

"மெசினு மேல பழியப் போடாத," என்ற ராக்கையா, அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

முதல் சரக்கு நியாயமான விலைக்கு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடி, எல்லாக் கம்ப்யூட்டரும் மறுபடி கிளம்பின. கூடத்தின் மறுகோடியில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நான் கொடுத்த கட்டளை கரண்டோடு போயிருக்கும். ஓடினேன். ஏலம் ஆரம்பித்திருந்தது. பின்னால் முதலாளி நிற்கும் பதற்றத்தில் அண்ணன் பழையபடி அழுத்திப் பிடித்திருந்தார். விலை ஏறிக்கொண்டே போனது.

ராக்கையா விலையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க," என்றார்.

எடுத்தார். விலை நின்றது. ராக்கையா தன் விரலை வைத்து அழுத்தினார். மறுபடி ஓடியது.

"அட, இதுதானா," என்று சிரித்து, அண்ணன் தோளில் தட்டினார். "நாளைக்கும் நீங்களே உக்காருங்க."

அண்ணன் எழுந்தார்.

"மெசினுக்கு என்ன கோளாறுன்னு தாயி கண்டுபிடிச்சிருச்சு. நீங்க என்னையத்தான சந்தேகப்பட்டீக. இனி ஒங்களுக்காக இந்தக் கை எந்திரிக்காது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த சரக்கை அறிவித்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் ஆள் இல்லை.