மாமியார் ஆடிய வாலிபால்

ஊரில் எல்லோரும் அவளை விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் இஞ்சு டேப்பும் விசிலும் சேர்ந்தே தொங்கும். பகலெல்லாம் தையல் மிஷின். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கடைசி அறையில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாக உண்டு.

முதலில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. "இந்த வயசுல ஆனா ஆவன்னாவா?" என்று சிரித்தார்கள். விசில் பிடிவாதக்காரி. சிறுமியாக இருந்தபோது ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. வயதுக்கு வந்ததும், ஓடினது போதும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய வாலிபாலை வாங்கி வந்து, பாடம் முடிந்தால் ஆட்டம் என்று அறிவித்தாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள்.

வந்தவர்களை நிலைக்க வைத்தது விசிலின் மாமியார். "நீ என்ன கூத்தடிக்கிறேன்னு பாக்க வந்தேன்" என்று வாசலில் நின்றவள், உருண்டு வந்த பந்தை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள். அது கூரையைத் தாண்டிப் போனது. வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய கை அல்லவா! அன்றிலிருந்து அவளும் வகுப்பிலும் அணியிலும் ஒருத்தி. முணுமுணுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் வாய் அடைத்துப்போனது. மாமியாரே ஆடும்போது மருமகளைத் தடுக்க யாருக்கு முகம் இருக்கிறது?

ஒரே ஒரு தொல்லை. தப்புச் செய்தால் மற்றவர்களை விசில் ஊதி விளாசுகிறவள், மாமியாரிடம் மட்டும் பெட்டிப்பாம்பு. பந்து இருவருக்கும் நடுவில் வந்தால், "நீங்க எடுங்க அத்தை" என்று ஒதுங்குவாள். "சின்னவ, நீயே எடும்மா" என்று மாமியாரும் ஒதுங்குவாள். பந்து மண்ணில் விழுந்து கிடக்கும்.

பக்கத்து ஊர்ப் பெண்களோடு போட்டி வந்தது. வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் ஊரே திரண்டது. ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூன்றாவதில் கடைசிப் புள்ளி. பந்து உயரே எழும்பி, சரியாக அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கியது.

"தள்ளு கிழவி!"

கத்தியது தான்தான் என்று விசிலுக்கே பிறகுதான் உறைத்தது. மாமியார் தள்ளி நின்றாள். விசில் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டாள். அடி ஒன்றும் பிரமாதமில்லை. பச்சைக் குழந்தைகூட எடுத்திருக்கும். ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆறு பேரில் ஒவ்வொருத்தியும் ஒரு மாமியாருக்கு மருமகள். ஆறு பேரும் வாயில் கைவைத்து நின்றார்கள். பந்து அவர்கள் காலடியில் விழுந்தது.

ஜெயித்தாயிற்று. விசில் பந்தைக்கூட எடுக்காமல் மாமியார் பின்னால் நடந்தாள். வீடு வரும்வரை மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. "கால்ல விழுந்துடு" என்று சொல்லிவிட்டுக் கணவன் நழுவினான். இனி மாமியார் வரமாட்டாள். அவள் வராவிட்டால் வேறு எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். "படிப்பும் பந்தும் எங்க கொண்டுபோய் விட்டுது பாத்தியா" என்பார்கள். வகுப்பே போய்விடும்.

மறுநாள் சாயங்காலம் அறையைத் திறந்து விளக்கைப் போட்டாள். யாரும் வரவில்லை, பிள்ளைகள்கூட. கரும்பலகையில் எழுதினதையே அழித்து அழித்து எழுதினாள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. மாமியார் உள்ளே வந்தாள், பின்னால் மொத்தக் கூட்டமும்.

"நான் வருவேனா மாட்டேனான்னு எல்லாரும் நம்ம வீட்டு வாசல்லயே நிக்கிறாளுங்க. இவளுங்கள ஓட்டிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"அத்தை, நேத்து நான்..."

"அதுக்கென்ன இப்போ?" மாமியார் முன்பெஞ்சில் உட்கார்ந்து சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க மாமியாரை அப்படி ஒரு வார்த்தை சொல்லணும்னு எனக்கும்தான் ஆசை. அப்போ எங்களுக்கு யாருடி பந்து குடுத்தா?"