சுருதிப்பெட்டிக்காரர் வீட்டுக் கல்யாணம்

திருவனந்தபுரத்தில் எத்தனையோ நூறு கல்யாணங்களுக்கு நாயனம் வாசித்தவன் நான். என் ஊதலைக் கேட்டு கரமனையில் மணப்பெண்கள் கண்கலங்கியிருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு பெரியவர் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்தியே விட்டார்.

பொய். அத்தனை கல்யாணத்துக்கும் போனேன் என்பது மட்டும் நிஜம். நாயனம் வாசித்தவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதிப்பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். வாசிப்பு முடிந்ததும் அணைத்தேன். நடுவில் கொட்டாவி விட்டேன். சால்வையும் அவருக்குத்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்தது நான்.

சுருதிப்பெட்டி என்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கரண்ட் பெட்டி. ஙொய் என்று ஒரே சத்தத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும். நாயனம் அந்தச் சத்தத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரே சத்தம், அதையும் விடாமல் போடுவது என்று என் மனைவி இன்னொருவரைப் பற்றியும் சொல்வாள். அது யார் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

முகூர்த்தமில்லாத நாட்களில் சாலைக் கடைவீதியில், மல்லி மிளகாய் மொத்தக் கடையில் மூட்டை நிறுப்பேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனதால் அதையே இரண்டு முறை படித்துவிட்டு வெளியே வந்தவன்.

இனி, வம்பு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்காக எழுந்து, "இதக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி" என்று நாயனத்தை என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ படம் எடுத்தார்கள். பிறந்ததிலிருந்து நான் நன்றாக இருக்கும் ஒரே படம் அதுதான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது தரகர் என் படம் கேட்டார். வேறு எதை அனுப்புவது? என்ன ஜோலி என்று கேட்டார். மேளம் செட்டில் இருக்கிறேன் என்றேன். அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

மாப்பிள்ளையின் அப்பா கவர்ன்மெண்ட் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம், மீதியில் முக்கால்வாசி சங்கீதம். நிச்சயதார்த்தத்தன்று என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த விரலா சம்பந்தி?" என்றார்.

"இந்த விரல்தான்," என்றேன். சுவிட்சுப் போடும் விரல் என்று சொல்லவில்லை.

"அப்ப ஒரு காரியம் தீர்மானிச்சாச்சு. பாட்டு விஷயம் முழுக்க உங்க பொறுப்பு. முகூர்த்தத்துக்கு என்ன வாசிக்கணும், ரிசப்ஷனுக்கு என்ன வாசிக்கணும், நான் ஒண்ணுலயும் தலையிட மாட்டேன். ரிசப்ஷன்ல மட்டும் நீங்க உங்க கையால ஒரே ஒரு உருப்படி வாசிக்கணும், கேட்டோ."

கேட்டது. நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் மகள் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி நீங்களே போயி உள்ளதச் சொல்லிரணும்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"நான் சொல்லியாச்சு. சிரிச்சாரு. ஆனா அவங்க அப்பா சிரிக்க மாட்டாருன்னும் சொன்னாரு. நாளைக்கு அந்த வீட்டுல போயி நிக்கப்போறது நான். உன் அப்பன் பறஞ்சது பொய்யான்னு அவரு கேட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருக்குச் சோறு வெளம்புவேன்?"

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சொல்லாண்டாம். ரிசப்ஷன்ல ஊதட்டும். வந்த ஜனம் பந்திக்கு நிக்காம ஓடட்டும். ஒரு வாரத்துக்கு நமக்குப் போளி மிச்சம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுகளை முடிவு செய்யச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அவர் புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்தார். சம்பந்தியம்மாள் டீயும் ஏத்தங்காய் உப்பேரி என்கிற நேந்திரங்காய் வறுவலும் கொண்டுவந்தார். பேனாவைத் திறந்துகொண்டே சம்பந்தி மெல்ல ஏதோ முனகத் தொடங்கினார். உடனே சம்பந்தியம்மாள் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கொசுவுக்காக என்று நினைத்தேன்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சம்பந்தி, ஒரு காரியம் சொல்லணும். நான் வந்து, மேளத்துல சுருதிப்பெட்டிதான் பாத்துக்கிடுதேன்."

அவர் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். "பெரிய வித்துவான்மாரெல்லாம் இப்படித்தான். நான் வாசிக்கேன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சுருதியப் பாத்துக்கிடுதேன்னு எவ்வளவு தாழ்மையா சொல்லுதாரு, பாரு."

"இல்ல சம்பந்தி. நெசமாவே பெட்டிதான். சுவிட்சு."

"சுருதிதானே எல்லாம்," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொன்ன பிறகும் ஒரு மனுஷன் நம்பாவிட்டால் சொன்னவன் என்ன செய்ய முடியும்? நான் உப்பேரித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"சரி, மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன ராகம்?" என்றார்.

இங்கே நான் மாட்டியிருக்க வேண்டும். நாயனக்காரர் எனக்கு எந்த ராகத்தின் பேரையும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். தவில்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிப்பார். எதிரே இருக்கும் ஜனத்தைப் பார்க்க அந்த மேடையில் நான் ஒருவன்தான் சும்மா இருப்பேன். இருபது வருஷம் பார்த்தால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் ஏதாவது விளங்கும்.

"அழைப்புக்கு வேகமா போறது வேணும் சம்பந்தி. மெல்ல வாசிச்சா உங்க பக்கத்துப் பெரியவங்க நடுரோட்டுல நின்னு தலையாட்டுவாங்க. பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிப்பான். அது நம்ம சுருதியில சேராது."

எழுதிக்கொண்டார். "ஊஞ்சலுக்கு?"

"ஊஞ்சல் சங்கிலி கிரீச்சுன்னு சத்தம் போடும். அது வெளிய கேக்காத மாதிரி கனமா ஒண்ணு."

"தாலி கட்டினதும்?"

"நிறுத்தவே கூடாது."

இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த சங்கதி. இந்த ஊரில் தாலி ஏறிய அடுத்த நொடி பாதி மண்டபம் சாப்பாட்டுக் கூடத்தின் கதவை நோக்கிப் பாயும். போளியும் பால்பாயசமும் உள்ள முதல் பந்தியை விட மனசு வராது. கெட்டிமேளம் நிற்பதுதான் அவர்களுக்கு மணியடித்தது போல. மேளம் முழங்கிக்கொண்டே இருந்தால், இன்னும் ஏதோ சடங்கு பாக்கி இருக்கிறது என்று நினைத்து அட்சதையும் கையுமாக நிற்பார்கள்.

"மாலை மாத்தி முடியுற வரைக்கும் இழுக்கணும்," என்றேன்.

"ரிசப்ஷனுக்கு? பையனோட கூட்டுகாரங்க தரை அதிர்ற பாட்டு வேணும்னு நிக்காங்க. எனக்குக் கச்சேரி போல வேணும்."

"முதல்ல நாயனத்துல பழைய சினிமா மெட்டு. பந்தி நடக்கும்போது நடுத்தரமா ஒண்ணு. வேகமா வாசிச்சா ஜனம் வேகமா முழுங்கும், வெளம்புறவனுக்கு மூச்சு முட்டும். மெல்ல வாசிச்சா வயசானவங்க பாயசத்துல விரல வச்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டாங்க. அடுத்த பந்திக்காரன் நாற்காலிக்குப் பின்னால நின்னு முறைப்பான். கூட்டுகாரங்க பாட்டு கடைசியில. அப்ப காது வலிக்குதுன்னு சொல்ல வேண்டியவங்க எல்லாம் வண்டி ஏறியாச்சு."

"கொள்ளாம், கொள்ளாம்," என்று மெச்சித் தலையாட்டினார் சம்பந்தி. "இத்தன வருஷம் சங்கீதம் கேட்டிருக்கேன். இப்படி ஒருத்தரும் பறஞ்சதில்ல."

பறைந்திருக்கமாட்டார்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்புனாரா?"

"என்னை ரொம்ப நம்புறாரு மக்கா."

"அப்பா," என்றாள். திட்டினால் பதில் வைத்திருந்தேன். அவள் திட்டாமல் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அதன்பிறகு இன்னொரு தடவை முயன்றேன். பத்திரிகை கொடுக்கப் போன அன்று பேச்சைத் தொடங்கும் முன்பே அவர் அலமாரியைத் திறந்து ஒரு பட்டுச் சால்வையை எடுத்துக் காட்டினார். ரிசப்ஷனில் என் உருப்படி முடிந்ததும் எனக்குப் போர்த்துவதற்காம். சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கல்யாண நாள் வந்தது. கரமனையில் மண்டபம். பெண்ணுக்கு அப்பா என்பதால் நான் மணவறையில், புது வேட்டியில், வாழ்க்கையில் முதல்முறையாக மேளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியை என் மச்சினன் பார்த்துக்கொண்டான். மூன்று நாள் அவனுக்குப் பாடம் எடுத்திருந்தேன். பாடம் இதுதான்: சுவிட்சைப் போடு, அப்புறம் தொடாதே.

கன்னிகாதானம் முடிந்து, தாலித் தட்டு எல்லாரும் தொட்டுக் கும்பிடச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. உடனே வந்தும் விட்டது. ஆனால் எங்கள் பெட்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. கரண்ட் போய் வந்தால் அது தான் இருந்த இடத்தை மறந்து வேறு சுருதியில் போய் நிற்கும். இடது பக்கம் ஒரு தட்டு தட்டி, திருகை நான் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளிக்குத் திருப்ப வேண்டும். மச்சினன் பதறிப்போய் இருக்கிற திருகையெல்லாம் திருகினான். பெட்டி ஒரு பக்கம், நாயனம் ஒரு பக்கம். குறுகலான சந்தில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்ட இரண்டு ஆட்டோக்கள் போல ஒரு சத்தம்.

நாயனக்காரர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். முன்னால் மைக் இருந்தது.

"அண்ணாச்சி, பெட்டி," என்றார்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. எந்த அண்ணாச்சி என்று எல்லாரும் தேடினார்கள். நான் எழுந்தேன்.

"பொண்ணுக்கு அப்பா எங்க போறேள்?" என்றார் புரோகிதர். "முகூர்த்தம் போயிண்டிருக்கு. உக்காருங்கோ."

நான் மகளைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நடுங்காமல் அவள் குரல் வந்தது. "போங்கப்பா."

ஓடினேன். இடது பக்கம் ஒரு தட்டு. சிவப்புப் புள்ளி. ஙொய் என்று பெட்டி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். நாயனக்காரர் என்மேல் பிரியமுள்ளவர். அதே மைக்கில், "எங்க அண்ணாச்சி கை பட்டாத்தான் இது பேசும். இருபது வருஷமா சுவிட்சு அவருதான். நாயனம் யாரும் ஊதலாம்," என்று என்னைப் புகழ்ந்துவிட்டார்.

பெட்டியிலிருந்து மணவறைக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியில் சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல் நடக்க வழியில்லை. அவர் என் வலது கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தன் விரலை உயர்த்தி ஆட்டினார். "கெட்டிமேளம்."

தாலி ஏறியது. மேளம் நிற்கவில்லை. ஒருவர்கூடச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடவில்லை. மாலை மாற்றி முடியும்வரை அட்சதையும் கையுமாக நின்றார்கள். நான் தேர்ந்தெடுத்தது அத்தனையும் சரியாக நடந்தது. எனக்குத்தான் ஒன்றும் காதில் ஏறவில்லை. மகளும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தபோது சம்பந்தி என் பக்கம் பார்க்காமலே அவர்கள் தலையில் கை வைத்தார். எழுந்தபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில், அன்று போல அவள் பாத்திரமே கழுவியிருக்கலாம்.

சாயங்காலம் ரிசப்ஷன். முதல் பந்தி நடுத்தர வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது சம்பந்தி என்னைத் தேடி வந்தார். கையில் அந்தச் சால்வை. தோளைப் பிடித்து, மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"சம்பந்தி, நான் வந்து..."

"ஒண்ணும் மிண்டாதீங்க," என்று என் பேச்சை நிறுத்தினார். "நீங்க அன்னைக்கே பறஞ்சீங்க. ரெண்டு தடவ பறஞ்சீங்க. நான்தான் கேக்கல. அதுல எனக்கு விசனமில்ல. விசனம் வேற."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"இனி நான் ஒண்ணு பறயணும். இது என் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும். அடுத்த வீட்டுக்காரங்களுக்கும் தெரியும், அவங்க மிண்டுறதில்ல. ரிட்டையர் ஆன நாள் முதல் எனக்கு ஒரு ஆசை. கூட உக்காந்து சுருதி தர ஒரு ஆளு..." சால்வையைப் பிரித்து என் தோளில் போட்டார். நாலு பக்கமும் பார்த்தார். என் காதுப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி அவர் என்ன சொன்னார் என்றால்,

"அப்பா."

மகள் கூப்பிடுகிறாள். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை.

"மாமா பாடுறதுக்குப் பாய விரிச்சு உக்காந்து எவ்வளவு நேரமாச்சு. நானும் அத்தையும் ஜன்னல் எல்லாம் அடச்சாச்சு. பெட்டியப் போட வாங்கப்பா."