லிட்டருக்கு முப்பது கிராம்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலை, மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. தரக்கட்டுப்பாடு என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஒரு பித்தளை வளையம் மயிரிழை கூடியிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கிருந்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை எப்படி அழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்; இங்கே எழுத முடியாது. ஓய்வு பெற்ற அன்று பூமாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் திணித்து வழியனுப்பியபோது அத்தனை பேர் முகமும் மலர்ந்திருந்தது. அது பாசம் என்று நினைத்து ஏமாறும் ஆள் நான் இல்லை.

வீடு என்றால் வைட்ஃபீல்டில் மகள் வாங்கிய ஃப்ளாட். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். நானும் மனைவியும் அவள் சோபாவுக்குக் காவல். மனைவி பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் பாக்கி இருந்தது. காலை ஏழு மணிக்கு அவள் கிளம்பிவிட்டால் மாலை ஆறு வரை நானும் மின்விசிறியும்தான். மூன்று மாதம் அப்படியே மல்லாந்து கிடந்தேன். சவரம் செய்யவில்லை. சில நாள் குளிக்கவும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று அவள் போனில் கேட்டால் ஆச்சு என்பேன். சாப்பிட்டிருக்க மாட்டேன்.

பொய் எனக்குச் சரளமாக வரும். அவளுக்கு வராது. நாங்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயல் பிள்ளைகள். இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஆனால் அவள் வீட்டில் ஞாயிறு பள்ளி நடத்தினார்கள், எங்கள் வீட்டில் சீட்டாட்டம் நடத்தினார்கள். வேண்டாத ஆள் யாராவது போன் செய்து, "அவரு வீட்ல இல்லன்னு சொல்லும்மா" என்று நான் சைகை காட்டினால், என்னை முதுகில் கைவைத்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அப்புறம்தான் சொல்வாள். வாயிலிருந்து வருவது பொய்யாக இருக்கக்கூடாது. அதற்காகப் புருஷன் கைலியோடு லிஃப்ட் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை.

மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். குடல் நன்றாக இருந்தால் மனசு நன்றாக இருக்குமாம், உப்புத் தண்ணீரில் புளிக்க வைத்த காய்கறி குடலுக்கு அமிர்தமாம் என்று ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் தாடி வைத்த ஒருவன் முட்டைக்கோஸைக் கட்டிப்பிடித்தபடி கண்ணீர் விடாத குறையாகப் பேசினான். நான் படுத்துக்கொண்டே சிரித்தேன். ஆனால் கடைசியில் அவன் ஒரு வார்த்தை சொன்னான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது கிராம் கல் உப்பு. துல்லியமாக முப்பது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அளவு இருக்கிற வேலை என்றால் அது என் வேலை.

மறுநாளே டிஜிட்டல் தராசு வாங்கினேன். புளிப்பு சோதிக்கிற காகிதம் வாங்கினேன். கேரட், முள்ளங்கி, நூல்கோல், பீட்ரூட் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் நறுக்கி, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, கண்ணாடி ஜாடியில் அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, காய் மேலே மிதக்காதபடி ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தினேன். ஒவ்வொரு ஜாடிக்கும் தேதி, எண், நிலவரம் எழுதிய சீட்டு ஒட்டினேன். காலையும் மாலையும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். தொழிற்சாலை மாதிரியே இரண்டு ஷிஃப்ட். சவரம் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

ஒருமுறை தங்கவயலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். மூடியைத் தளர்த்த ஆள் இல்லாமல் பீட்ரூட் ஜாடி வெடித்திருந்தது. சமையலறைச் சுவர், கூரை, மகள் ஆசைப்பட்டுப் போட்ட வெள்ளை அலமாரி, எல்லாம் கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. மனைவி வாசலிலேயே நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்கனியில் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, வல்லாரை என்று தொட்டி தொட்டியாக வைத்தேன். கற்பூரவல்லி இலையைக் கேரட் ஜாடியில் போட்டேன். வல்லாரையை அரைத்தேன். தும்மினால் துளசி, இருமினால் தூதுவளை, சும்மா இருந்தால் வல்லாரை. அவளுக்கு ஆறு வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. தினமும் காலை டிபனுக்குப் பிறகு ஒரு மாத்திரை போடுவாள். அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் என் பங்குக்கு ஒரு கிண்ணம் புளித்த காயும், ஜாடித் தண்ணீர் ஒரு டம்ளரும் வைத்தேன்.

தண்ணீரைக் கீழே கொட்ட எனக்கு மனசே வராது. எங்கள் ஊரில் ஷிஃப்டுக்குப் போகுமுன் பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் ஆண்கள் சுரங்கத்துக்கு இறங்குவார்கள். புளித்த தண்ணீர், உப்பு, காலை நேரம். இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். "சத்தெல்லாம் தண்ணியிலதான் எறங்கியிருக்கு, வேஸ்ட் பண்ணாத" என்பேன். முகத்தைச் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள்.

எங்கள் அடுக்ககத்தில் வேலையில்லாதவர்கள் நிறைய. வேலை இருந்தும் வேலை செய்யாதவர்கள் அதைவிட நிறைய. ஜாடிகளின் புகழ் லிஃப்ட் வழியாகப் பரவியது. வாடைதான் முதலில் பரவியது, புகழ் பின்னால் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்ஹவுஸில் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முப்பது நாற்பது பேர் வந்தார்கள். யோகா பாய், செம்புக் குடுவை, குடல் பற்றிய கவலை எல்லாவற்றோடும் வந்தார்கள். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைப் பிடித்து முப்பது கிராமைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதை யாராவது குறிப்பெடுத்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் ஒருவர், "இதனால் பி.பி. குறையுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். ஆனால் நாற்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் மனைவியையே பாருங்கள். ஆறு வருடமாக மாத்திரை போட்டவள். இப்போது நிறுத்தியாகிவிட்டது" என்றேன். அன்று காலையில்தான் என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கியிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். கைதட்டினார்கள். ஆளுக்கொரு பாட்டில் ஜாடித் தண்ணீரை இலவசமாகக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் இவ்வளவு முட்டாளாக இருக்கமுடியுமா என்று கேட்டால், இதோ இருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். பக்கத்துத் தெரு க்ளினிக்கில் படுக்க வைத்திருக்கிறார்களாம். கை கால் ஓடவில்லை. அந்தப் பதற்றத்திலும் பிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் பீட்ரூட் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றால் நான் எந்த அளவுக்கு முற்றியிருந்தேன் என்று புரிந்துகொள்ளுங்கள். வைட்ஃபீல்டிலிருந்து பிரேசர் டவுனுக்குக் கேப் ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் இல்லாமல் அந்த ஃப்ளாட்டில் நான் மட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை முழுசாக நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

"பிரெஷர் ரொம்ப ஜாஸ்தி சார். நல்ல வேளை, கூட்டிட்டு வந்துட்டாங்க. மாத்திரை சரியா போடறாங்களா?"

"தெனமும் காலைல போடுவா டாக்டர். ஒரு நாள் விட மாட்டா."

படுக்கையிலிருந்து குரல் வந்தது. "இல்ல டாக்டர். ரெண்டு மாசமா போடல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சிவப்பு பாட்டிலைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"எஷ்டு உப்பு?"

"லிட்டருக்கு முப்பது கிராம்." வாய் பழக்கதோஷத்தில் கணீரென்று சொல்லிவிட்டது.

"இவங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

"காலைல ஒரு டம்ளர். அப்புறம் ஒரு கிண்ணம் காய்."

"பிரெஷர் பேஷன்ட்டுக்கு நாங்க உப்ப கொறைங்கன்னு சொல்றோம். நீங்க டம்ளர்ல ஊத்திக் குடுத்திருக்கீங்க சார். அதும் மாத்திரை இல்லாம." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் வியர்வையில் நனைந்து உப்பையெல்லாம் இழந்தார்கள், அதனால் உப்பைக் குடித்தார்கள். இவள் ஃபேனுக்குக் கீழே நின்று பின்னம் சொல்லிக்கொடுப்பவள். இது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயிரிழைக் கணக்குப் பார்த்த ஆசாமி. உப்பை அளந்தேன், புளிப்பை அளந்தேன், கேரட் நீளத்தை அளந்தேன். அலமாரியில் இருந்த பி.பி. மெஷினை எடுத்து அவள் கையில் ஒருநாள்கூடச் சுற்றிப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டை காலியாகிறதா என்றும் பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரையை அவள் கையில் கொடுத்து, இப்பவே போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

"ஏம்மா நிறுத்தின?" என்றேன்.

"நீங்க அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டா, தெனம் தெனம் அது பொய்தானே?"

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமில்ல?"

"மூணு மாசம் ஃபேனப் பாத்துட்டுப் படுத்திருந்தீங்க. அன்னிக்கு மைக்கப் பிடிச்சுட்டு நின்னீங்க. அத எப்படிங்க நான் கெடுக்கறது?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தண்ணி வாயில வைக்க வெளங்கலங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. மாத்திரையைப் போடு என்று கெஞ்சினேன். அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையவில்லை.

"மொதல்ல அவங்ககிட்ட உண்மையச் சொல்லுங்க. போட்டுக்கறேன்."

அடுக்ககத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போனை எடுத்தேன். "சில காரணங்களால் என் மனைவி மாத்திரையை மீண்டும் தொடங்க இருக்கிறார்" என்று எழுதிக் காட்டினேன்.

"இதுவும் பொய்" என்றாள்.

அழித்தேன். "நான் சொன்னதில் சிறு தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். அதைப் படிக்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரை இன்னும் கையில்தான் இருந்தது. என்ன மனுஷன் நான், அவள் உயிரை வைத்துக்கொண்டு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. மூன்றாவது தடவை நிறுத்தாமல் எழுதினேன்.

"என் மனைவி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கிளப்ஹவுஸில் நான் சொன்னது பொய். பெருமைக்காகச் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவர் நிஜமாகவே நிறுத்திவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். யாரும் நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்."

பரீட்சைத் தாள் மாதிரி இரண்டு தடவை படித்தாள். "ஆஸ்பத்திரி இல்ல, க்ளினிக்" என்றாள். திருத்தி அனுப்பினேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வெறும் தண்ணீர்.

போன் அதிர ஆரம்பித்தது. கும்பிடும் கைகள் வந்தன, அழும் முகங்கள் வந்தன, விரைவில் குணமடைய வாழ்த்துகள் வந்தன. அப்புறம் மூன்றாவது பிளாக்கிலிருந்து, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண், தன் அப்பாவின் நம்பரோடு ஒரு செய்தி போட்டிருந்தாள். "அங்கிள், எங்க அப்பாவும் அன்னிலேர்ந்து மாத்திரை போடறதில்ல. நீங்க சொன்னீங்கன்னுதான். இப்ப என்ன பண்றது?"

மனைவி போனை வாங்கிப் படித்தாள். அந்த நம்பரை அழுத்தி, படுத்தபடியே என் காதில் வைத்தாள். எடுத்தது அந்தப் பெரியவரே. குரல் உற்சாகமாக இருந்தது.

"சாரா? ஒங்க தண்ணி சூப்பர் சார். ஒங்க கணக்குலயே வீட்ல போட்டு, இப்ப ரெண்டு வேளையும் குடிக்கிறேன்."

"ஐயா, அத விடுங்க. கீழ கொட்டுங்க. இன்னிக்கே டாக்டரப் போயி பாருங்க. மாத்திரை நிறுத்தினத மறைக்காம சொல்லுங்க."

"ஏன் சார்? ஒங்க வீட்டம்மாவுக்குத்தான் நல்லா கொறஞ்சுதே?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொறையவே இல்லீங்க" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

மறுமுனையில் அவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது. மனைவி என் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.